டீசல் வண்டியும் துளி நீரும்

டெல்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் பலருக்கு மோட்டார் வண்டி என்பது அலுவலகம் சென்று திரும்பும் வாகனம் மட்டும் அன்று. ஆண்டுக்கொரு முறை பெட்டிகளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடி, பிறந்த ஊரின் தெருவில் கொண்டுபோய் நிறுத்துவதும் அதுவே. இத்தகைய நெடும் பிரயாணத்தை எண்ணியே டீசல் வண்டியை விரும்பி வாங்கியவர்கள் நம்மிடையே ஏராளம். அவ்வண்டியில் உள்ளங்கை இரண்டினுள் அடங்கிவிடக்கூடிய ஓர் உறுப்பு உண்டு. தாங்கியிலிருந்து யந்திரத்துக்குச் செல்லும் டீசலை வடிகட்டித் தருவது அது. பட்டறைகளில் டீசல் பில்ட்டர் என்பார்கள். யந்திரத்தின் உராய்வெண்ணெயை வடிக்கும் ஆயில் பில்ட்டர் வேறு, இது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, ஒன்றை மாற்றியதும் மற்றதும் மாறிவிட்டதாக நிம்மதி கொள்வோர் உண்டு. நாமும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆவணி மாதத்தில், தங்கை மகளின் திருமணத்துக்காக டெல்லியிலிருந்து குடும்பத்துடன் புறப்பட்டோம். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. குவாலியர், ஜான்சி, சாகர் கடந்து நாகபுரியை நோக்கிய வழி. முதல் நாள் மாலையிலேயே ஓட்டுநருக்கு எதிரே உள்ள பலகையில் மஞ்சள் நிற விளக்கொன்று எரியத் தொடங்கிற்று. வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்காயின் அஞ்சவேண்டும், மஞ்சள்தானே என்று நாமே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டு மேலே சென்றோம். மறுநாள், லக்னாதோன் தாண்டிச் சிவனி செல்லும் வழியில், மேட்டில் ஏறுகையில் வண்டி திணறிற்று. இரு முறை குலுங்கிற்று. பிறகு நின்றே போயிற்று. மழை தூறிக்கொண்டிருந்தது.

நாமக்கல் எண்ணுடைய லாரி ஒன்று நின்றது. இந்தியாவின் எந்த நெடுஞ்சாலையிலும் நாமக்கல் லாரியைக் காணாமல் ஒரு நாள் கழியாது என்பதை நேயர்கள் அறிவார்கள். அதன் ஓட்டுநர் வந்து பலகையைப் பார்த்தார். "ஏனுங்க சார், இந்த வெளக்கு எப்ப இருந்து எரியுதுங்க?" என்று கேட்டார். நேற்று மாலையிலிருந்து என்றோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. தண்ணீர்ப் புட்டி ஒன்றைக் குறுக்கே அறுத்து, வடிகட்டியின் அடியில் பிடித்து, ஒரு திருகைத் தளர்த்தினார். புட்டியில் விழுந்தது டீசல் அன்று, கலங்கிய நீர். கால் புட்டி அளவு நீர் வெளியேறிய பிறகே டீசல் வந்தது. அரை மணி நேரம் போராடி வண்டியை ஓடச் செய்தார். ஆயினும் பழைய வேகம் வரவில்லை. முகூர்த்தம் முடிந்து பந்தியும் முடியும் நேரத்தில்தான் நாங்கள் மண்டபத்தை அடைந்தோம். டெல்லி திரும்பியதும் பட்டறையில் பார்த்தபோது இரண்டு இன்ஜெக்டர்கள் துருவேறிக் கெட்டிருந்தன. அதற்கான செலவு எமது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிற்று. பணம் போனது கூடப் பெரிதன்று; தாய்மாமன் செய்யவேண்டிய சீரை வேறொருவர் முன்நின்று செய்ததைத் தங்கை இன்னமும் மறக்கவில்லை.

இவ்வளவுக்கும் காரணமான அந்த நீர் எங்கிருந்து வந்தது? இதனை அறிய டீசல் யந்திரத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் இவ்வகை யந்திரத்தை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் யந்திரத்தில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை மின்பொறி கொளுத்துகிறது. டீசல் யந்திரத்தில் பொறி இல்லை. வெறும் காற்றை மிகவும் அழுத்தினால் அது தானே கொதித்துச் சூடேறுகிறது. அந்தச் சூட்டினுள் டீசலைத் தூவினால் அது தானாகவே பற்றிக்கொள்கிறது. தூவுதல் என்னும் இச்செயலில்தான் இந்த யந்திரத்தின் உயிர் இருக்கிறது. துளி பெரிதாயின் முழுதும் எரியாது, புகை கக்கும். ஆகவே மிக நுண்ணிய துளைகளின் வழியே, மிகுந்த அழுத்தத்துடன் டீசல் பீச்சப்படுகிறது. 1997-இல் கார்களில் புகுந்து இன்று பெரும்பாலான டீசல் கார்களில் காணப்படும் காமன் ரெயில் முறையில் இவ்வழுத்தம் 1,600 பார் அளவுக்கும் அதற்கு மேலும் செல்கிறது. நம் கார் டயரில் அடைக்கும் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 700 மடங்கு என்று கொள்ளலாம்.

இவ்வளவு அழுத்தம் கசியாமல் நிற்கவேண்டுமாயின் பம்ப்பின் உறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களுக்கு மிகாமல் இருக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறுகளாக்கினால் ஒரு கூறே மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 70 மைக்ரான். கண்ணுக்கே தெரியாத தூசு கூட அங்கே பாறாங்கல்லாகிவிடும் என்பது இதனால் விளங்கும். மடித்து மடித்து வைத்த காகிதம் போன்ற ஒரு பொருள் வடிகட்டியினுள் இருந்து இத்தூசைத் தடுத்து நிறுத்துகிறது.

தூசினும் கொடியது நீர். அந்தப் பம்ப்புக்குத் தனியே மசகு கிடையாது. அதன் வழியே ஓடும் டீசலே அதற்கு மசகும் ஆகிறது. நீருக்கு அந்த வழவழப்பு இல்லை. நீர் புகுந்த இடத்தில் எஃகு எஃகுடன் உராயும். வண்டி ஓரிரு நாள் நின்றால் துருப்பிடிக்கும். இன்ஜெக்டரின் நுனி வரை சென்ற நீர் அங்குள்ள வெப்பத்தில் திடீரென ஆவியாகி வெடித்து, நுனியையே சிதைப்பதும் உண்டு. ஆதலால்தான் டீசல் வடிகட்டிக்கு இரட்டைத் தொழில் விதிக்கப்பட்டுள்ளது. அதன் காகிதம் நீரை உட்புக விடாதபடி பக்குவம் செய்யப்பட்டது. டீசல் ஊடுருவிச் செல்ல, நீர்த்துளிகள் ஒன்றுடன் ஒன்று சேர்ந்து பெரிதாகிக் கீழே இறங்குகின்றன. ஒரு லிட்டர் நீரின் எடை 1,000 கிராம். ஒரு லிட்டர் டீசலோ ஏறக்குறைய 830 கிராம். ஆகையால் நீர் அடியில் தங்கும். அந்த அடிக்கிண்ணம் நிரம்பும் தறுவாயில் விளக்கு எரிகிறது. அங்கே இரண்டு உலோக முனைகள் உள்ளன. டீசலின் வழியே மின்சாரம் பாயாது, நீரின் வழியே பாயும். நீர் அம்முனைகளைத் தொட்டவுடன் செய்தி வந்துவிடுகிறது. எமக்கும் வந்தது, படிக்கத்தான் தெரியவில்லை.

நீர் கலந்துவிட்டது என்றவுடன் பங்க்காரர் மீது பழி சுமத்துவது நம் வழக்கம். சில இடங்களில் அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் நேர்மையாக விற்கப்படும் டீசலிலும் சிறிது நீர் இருக்கத்தான் செய்யும். இந்தியத் தரக்கட்டளை ஒரு கிலோகிராம் டீசலில் 200 மில்லிகிராம் வரை நீர் இருக்க இடமளிக்கிறது. 50 லிட்டர் தாங்கி ஒன்றை நிரப்பினால், இந்த வரம்புக்குள்ளேயே சுமார் 8 கிராம் நீர் உள்ளே வரலாம். இது டீசலில் கரைந்திருக்கும் வரை தீங்கு குறைவு. ஆனால் யந்திரத்திலிருந்து தாங்கிக்குத் திரும்பி வரும் மிகுதி டீசல் சூடாக வருகிறது. சூடான டீசல் அதிக நீரைக் கரைத்து வைத்திருக்கும். இரவில் குளிர்ந்ததும் அதனைக் கைவிடும். கைவிடப்பட்ட நீர் அடியில் சேரும். இதனோடு தாங்கியின் வெற்றிடத்தில் உள்ள ஈரக்காற்றும் குளிர்ந்த சுவரில் பனித்து வழிகிறது. பாதி காலியான தாங்கியுடன் மழைக்காலம் முழுவதும் வண்டியை நிறுத்தி வைப்பவர் தம்மை அறியாமலே தாங்கிக்குள் நீரைச் சேர்க்கிறார். நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் செழித்துக் கருநிறப் பாசியாகி வடிகட்டியை அடைப்பதும் உண்டு.

மும்பை, கொங்கணம், வங்காளம், அஸ்ஸாம் ஆகிய இடங்களில் வாழ்வோர் இதனைச் சிறப்பாகக் கருதவேண்டும். மும்பையில் 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ள நீர் தாங்கியின் அளவுக்கு உயர்ந்து நின்றிருந்தால், காற்றுக் குழாய் வழியே நீர் உள்ளே சென்றிருக்கக்கூடும். அவ்வண்டியைச் சாவி போட்டுப் பார்ப்பதே தவறு. தாங்கியை வடித்த பிறகே மற்றவை.

வடநாட்டில் வாழ்வோருக்கு வேறொரு தொல்லை உண்டு. தமிழ்நாட்டில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதனைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். டீசலில் மெழுகுத் தன்மையுள்ள பொருள்கள் இயல்பாகவே உள்ளன. குளிர் மிகும்போது அவை சிறு படிகங்களாகத் திரண்டு வடிகட்டியின் கண்களை அடைத்துவிடுகின்றன. நம் தரக்கட்டளை, வடிகட்டி அடைபடும் வெப்பநிலை கோடைக்கால டீசலுக்கு 18 பாகைக்கும் குளிர்கால டீசலுக்கு 6 பாகைக்கும் மிகலாகாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. டெல்லியில் 2021 புத்தாண்டு விடியற்காலையில் வெப்பம் 1.1 பாகைக்கு இறங்கிற்று. கிடைக்கும் டீசல் பெரும்பாலும் வரம்பைவிட நல்லதாகவே இருப்பதால் எல்லா வண்டியும் நின்றுவிடுவதில்லை. ஆனால் ஏற்கெனவே அழுக்கேறிப் பாதி அடைபட்ட வடிகட்டி, மெழுகும் சேர்ந்தால் தாங்காது. எனவே டெல்லி, சண்டிகர், லக்னோ வாசிகள் வடிகட்டி மாற்றும் தவணை தை மாதத்தில் வருவதாயின் கார்த்திகையிலேயே மாற்றிவிடுதல் நலம். சிம்லாவுக்கோ மணாலிக்கோ செல்வோர், தெற்கே நிரப்பிய டீசலை நம்பாமல் வழியில் அவ்வப்பகுதியில் நிரப்பிக்கொள்ளவேண்டும். லடாக் போன்ற கடுங்குளிர்ப் பகுதிக்கென 2019-இல் தனி டீசலே வெளியிடப்பட்டது. அது சுழியத்துக்குக் கீழே 33 பாகை வரை உறையாது.

டீசலில் சிறிது மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலந்தால் உறையாது என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லக் கேட்கலாம். பழைய வண்டிகளில் அவர்கள் அப்படிச் செய்து பிழைத்ததும் உண்மையே. காமன் ரெயில் வண்டியில் அதனைச் செய்யலாகாது. டீசலின் வழவழப்புக் குறைந்து பம்ப் தேய்ந்துவிடும்.

இனி, நாமே செய்துகொள்ளத்தக்க பணிக்கு வருவோம். அது நீரை வடித்தல். வண்டியுடன் வந்த கையேட்டில் வடிகட்டி இருக்குமிடம் காட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் முன்மூடியைத் திறந்ததும் யந்திரத்தின் பக்கவாட்டிலோ பின்சுவரை ஒட்டியோ இருக்கும். சில வண்டிகளில் அடிப்பாகத்தில் இருக்கும். இரவு முழுவதும் நின்று யந்திரம் ஆறியிருக்கும் காலை நேரமே இதற்கு ஏற்றது. நீர் நன்றாக அடியில் தெளிந்திருக்கும், கையும் சுடாது. அருகில் நெருப்போ சிகரெட்டோ கூடாது. டீசல் எளிதில் தீப்பற்றாது என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. தரக்கட்டளைப்படி அதன் ஆவி தீப்பற்றும் நிலை குறைந்தது 35 பாகையாக இருந்தால் போதும். மே மாதத்து நாகபுரியில் நிழலிலேயே வெப்பம் 45 பாகையை எட்டுவதுண்டு. மேலும் சொல்லவேண்டியதில்லை.

வடிகட்டியின் அடியில் ஒரு திருகும், அதனை ஒட்டிச் சிறு வாயும் இருக்கும். அதன் கீழே கண்ணாடிப் புட்டியைப் பிடித்துக்கொள்ளவேண்டும். தகரக் குவளை உதவாது. வருவது நீரா டீசலா என்று கண்ணால் காணவேண்டும் அன்றோ? கீழே ரப்பர் பட்டையோ மின்னாக்கியோ இருப்பின் பழந்துணியால் மூடிவைத்தல் அவசியம், டீசல் பட்டால் ரப்பர் கெடும். திருகை முழுதும் கழற்றாமல் சிறிது தளர்த்தினால் திரவம் இறங்கும். இறங்காவிடின் மேலே உள்ள கை பம்ப்பையோ ரப்பர் உருண்டையையோ இரண்டு மூன்று முறை அழுத்தினால் வரும். முதலில் கலங்கலாகவும் குமிழிகளாகவும் வந்து, பிறகு தெளிந்த டீசல் வரும்போது திருகைக் கையால் இறுக்கி மூடிவிடலாம். முரட்டுத்தனமாக இறுக்கினால் பிளாஸ்டிக் மரை உடையும். பின்னர் ரப்பர் உருண்டை கெட்டியாகும் வரை அழுத்தி, உள்ளே புகுந்த காற்றை நீக்கவேண்டும். தாங்கியினுள்ளேயே மின்பம்ப் உள்ள வண்டிகளில் சாவியை ஓடும் நிலைக்குத் திருப்பி, வண்டியைக் கிளப்பாமல் சில விநாடிகள் நிறுத்தி, மூன்று நான்கு முறை அப்படிச் செய்தால் போதும். காற்று எஞ்சியிருந்தால் வண்டி கிளம்பாமல் அடம் பிடிக்கும். அப்போது பொறுமையிழந்து ஸ்டார்ட்டரையே சுழற்றிக்கொண்டிருந்தால் பாட்டரி இறங்கும், பம்ப்பும் உலர்ந்து தேயும்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். வடிகட்டிக்கு அப்பால், பம்ப்பிலிருந்து இன்ஜெக்டர்களுக்குச் செல்லும் எஃகுக் குழாய்களை எக்காரணம் கொண்டும் தளர்த்தலாகாது. பழைய டீசல் வண்டிகளில் அக்குழாயின் மரையைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவார்கள். காமன் ரெயில் வண்டியில் அந்த அழுத்தத்துடன் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். மேலே ஊசி குத்தினாற்போல்தான் தெரியும். உள்ளே சதை அழுகிக் கையையே இழக்க நேரிடும். அத்தகைய காயம் பட்டவர் வலி இல்லையே என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

வடிகட்டியை மாற்றும் தவணை வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கே பிரமாணம். தூசும் மழையும் மிகுந்த இடங்களில் அதற்கும் முன்னதாக மாற்றலாம். அதிகாலையில் கிளம்பத் தாமதித்தல், மேட்டில் இழுவை குறைதல், வேகம் பிடிக்கையில் திணறுதல் ஆகியவை தோன்றினால் தவணையை எதிர்பார்க்கவேண்டியதில்லை. மாற்றும் வேலையைப் பட்டறைக்கு விடுவதே பெரும்பாலோருக்கு ஏற்றது. ஆனால் நாம் அருகில் நிற்கலாம். புது வடிகட்டியினுள் குவளையிலிருந்து டீசலை ஊற்றி நிரப்ப முற்பட்டால் தடுக்கலாம். வடிபடாத டீசல் சுத்தமான பக்கத்தில் விழுந்தால் வடிகட்டி இருந்தும் பயனில்லை. பழையதைக் கேட்டு வாங்கி அதிலுள்ளதைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிப் பார்க்கலாம். நம் தாங்கியின் நிலையை அதைவிடத் தெளிவாக எவரும் எடுத்துரைக்க முடியாது. வடிகட்டியின் விலையில் இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க எண்ணிப் பெயரற்ற போலியை வாங்குவது, நெல்லைக் காக்க ஓட்டைக் குதிரைத் தேடுவதை ஒக்கும்.

வடநாட்டுக்குப் புதிதாக வந்திருப்போர்க்கு ஒரு சிறு துணை. பட்டறையில் "டீசல் பில்ட்டர் கா பானி நிகால் தோ" என்றால், வடிகட்டியின் நீரை வடித்துவிடு என்று பொருள். மெக்கானிக் "கச்ரா" என்றால் பயப்படவேண்டாம். நம்மூர்க் கச்சடாவேதான் அது. "ஹவா" என்றால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது.

பங்க்கில் ஐயம் எழுந்தால் அடர்த்தியை அளந்து காட்டும்படி கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அதற்கான மிதவைமானியும் வெப்பமானியும் அங்கே வைத்திருப்பார்கள். வடிதாளில் ஒரு துளி விட்டுப் பார்க்கும் சோதனை பெட்ரோலுக்கு உரியது, டீசலுக்கு அன்று. அடித்தொட்டியில் லாரி வந்து இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் டீசல் போடாமல் சற்றுத் தள்ளி அடுத்த பங்க்கைப் பார்ப்பது நம் வழக்கமாகிவிட்டது. தொட்டியின் அடியில் படிந்திருப்பவை அப்போது கலங்கி மேலெழக்கூடும்.

இப்போதெல்லாம் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு காலை நம் வீட்டில் நீர் வடித்தல் நடைபெறுகிறது. வழிக்கு வேண்டிய கட்டுச்சோற்றுடன் கண்ணாடிப் புட்டி ஒன்று, திருகுக்குப் பொருந்தும் ஸ்பானர், ரப்பர் கையுறை, பழந்துணி, புது வடிகட்டி ஒன்று ஆகியவையும் பெட்டியில் ஏறுகின்றன. வடித்த திரவத்தைச் சாக்கடையிலோ செடியடியிலோ கொட்டாமல் மூடி போட்டு வைத்திருந்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுகிறோம். சென்ற முறை புட்டியில் ஒரு தேக்கரண்டி அளவே நீர் இருந்தது. பிள்ளைகள் அதனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கீழே நீர், மேலே டீசல் என்று கோடு தெரிவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.